நாலு ராஜாக்கள் யாருக்கு?

“ஐயையோ, ஜாக்கியில கறையக் காணோம்!”

வலப்பனை வியாபாரி சின்னத்தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

2007 ஏப்ரல், மாலை நாலரை மணி. நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். குதிரைப் பந்தயத்துக்கும் பூக்கண்காட்சிக்கும் வந்த சனத்தில் பாதி, மழைக்கு ஒதுங்கி ஏரிக்கரை ஹோட்டலுக்குள் போக்கர் இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்கு மேலே ஒரு கமெரா, சுவரில் பெரிய திரை. ஆட்டக்காரர் மூக்கைச் சொறிந்தால்கூட கடைசி வரிசைக்குத் தெரியும்.

அந்தத் திரையில் அப்போது தெரிந்தவை பத்துச் சீட்டுகள்; மூன்றாவது ஆட்டக்காரர் சின்னத்தம்பி தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கிருஷாந்தன் விரித்துப் போட்டவை நாலு ராஜாவும் ஒரு ஏழும். குணரத்தினம் மாஸ்டர் விரித்தவை மூன்று ஜாக்கியும் இரண்டு ஒன்பதும். இந்தப் போட்டியில் ஆளுக்கு ஐந்து சீட்டு, மாற்றிக்கொள்ளக் கிடையாது. மூன்று ஜாக்கியும் இரண்டு ஒன்பதும் வாழ்நாளில் சில தடவைதான் வாய்க்கும். குணரத்தினம் தன் முன்னாலிருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளிவிட்டார். நாலு ராஜா அதையும் விழுங்கிவிட்டது.

“காலையில ஆட்டின் ஜாக்கியில டீ சிந்தினது நான்தாங்க. தொடைச்சும் கறை போகல. எல்லாரும் பார்த்தீங்க. இப்ப மாஸ்டர் கையில இருக்கிற ஆட்டின் ஜாக்கியப் பாருங்க, பளபளன்னு இருக்கு!”

பார்த்தார்கள். சிவப்பு இதயக் குறி போட்ட ஆட்டின் ஜாக்கி பளபளவென்றுதான் இருந்தது. மேசையிலிருந்தது காலையில் ஆடிய கட்டு அல்ல. யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவன் சும்மா மாற்றுவானா? ராஜாக்களை அடுக்கி வைத்து மாற்றியிருக்கிறான்.

மண்டபமே எழுந்து நின்று கத்தியது. கண்கள் எல்லாம் கிருஷாந்தன் பக்கம் திரும்பின.

அதில் ஆச்சரியமில்லை. கொழும்பு கெசினோக்களில் சீட்டாடியே வாழ்க்கை நடத்தும் கிருஷாந்தனைப் போல வாய்க்கொழுப்புப் பிடித்த ஆட்டக்காரனை மலையகம் அதுவரை பார்த்ததில்லை. தோற்றவன் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவான். கைகுலுக்க நீட்டிய கையைக் கண்டுகொள்ள மாட்டான். சீட்டை வெட்டும் முறை தன்னிடம் வந்தால் ஒரு தடவைக்கு மூன்று தடவை வெட்டிவிட்டு, “உங்கள நம்பேலாது” என்று சிரிப்பான். ஹட்டன் வார இதழ் ஒன்றின் நிருபர் பூரணி முதல் நாளே அவனைக் கிழித்து எழுதியிருந்தாள்: ‘வெல்லத் தெரியும், மனிதரோடு பழகத் தெரியாது.’ அந்தப் பக்கத்தை ஹோட்டல் வாசலிலேயே யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள்.

குணரத்தினம் மாஸ்டர் நேர் எதிர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தோற்றாலும் எழுந்து நின்று கைகொடுப்பார். அவர் சீட்டை வெட்டுவதே கிடையாது. கட்டின் மேல் இரண்டு விரலால் மெல்லத் தட்டுவார். ‘வெட்டத் தேவையில்லை, உங்களை நம்புகிறேன்’ என்று அர்த்தம். தட்டும்போதெல்லாம் சனம் கைதட்டும். பூரணி அதையும் எழுதியிருந்தாள்.

“யாரும் அசையாதீங்க,” என்றார் நடுவர் கணேசமூர்த்தி. “எல்லாரையும் சோதிக்கணும். என்னையும் சேர்த்துத்தான்.”

கணேசமூர்த்தி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாஃப் கிளப்பில் முப்பது வருடம் ‘முந்நூற்றி நாலு’ என்ற சீட்டாட்டம் ஆடியவர். போக்கர் அவருக்குப் புதிது. ஆனால் நேர்மையான மனிதர் வேண்டும் என்றதும் ஏற்பாட்டாளர்களுக்கு அவரைத் தவிர வேறு பெயர் வாயில் வரவில்லை. பூரணியின் பத்தியில் வந்த மிக மோசமான சம்பவமும் அவர் சம்பந்தப்பட்டதுதான். முதல் நாள், சீட்டுப் போடும் பெண் வருவதற்குள் அவரே ஒரு கை போடத் தொடங்கினார். தன் வலப்பக்கத்து ஆளுக்கு முதல் சீட்டை நீட்டியதும் கிருஷாந்தன் வெடித்துச் சிரித்தான்.

“ஐயா, இது உங்கட தோட்டத்துக் கிளப் இல்லை. அந்தப் பக்கத்தில இருந்து போடுங்கோ. தெரியாட்டி வீட்டில போய்ப் படுங்கோ!”

திரையில் எல்லோரும் பார்த்தார்கள். பெரியவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவனை அடிக்கக்கூடச் சிலர் தயாராக இருந்தார்கள்.

பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் பண்டார நல்ல மனிதர். தமிழை உடைத்து உடைத்துப் பேசினாலும் பேசத்தான் செய்வார். ஆட்டக்காரர் மூவரின் பைகளிலும் ஒன்றுமில்லை. கணேசமூர்த்தியிடமும் இல்லை. நடுவர் மேசைக்குப் பின்னால் சுவர்க் கொக்கியில் நீல நிறச் சுவெட்டர் ஒன்று தொங்கியது. கொன்ஸ்டபிள் அதன் பைக்குள் கைவிட்டு ஒரு சீட்டுக்கட்டை எடுத்தான். ஆட்டின் ஜாக்கியில் தேயிலைக் கறை.

“இது யாருடையது?”

“என்னோடதுங்க,” என்றாள் நிஷாந்தி.

சீட்டுப் போடும் பெண் அவள்தான். கணேசமூர்த்தி கிளாக்கராக இருந்த அதே தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்தில் பிறந்தவள். அப்பா மூக்கன் இறந்த பிறகு கொழும்புக்குப் போய், கெசினோ ஒன்றில் வேலை பழகி, அம்மாவையும் தம்பிகளையும் தூக்கி நிறுத்தியவள். பொலிஸில் ஒரு முறை பெயர் விழுந்தால் எந்தக் கெசினோவும் அவளை வாசலுக்குள் விடாது. அவளுக்கு அது தெரியும்.

சனத்துக்கு அடுத்த கதை ஒரு நொடியில் தயாராகிவிட்டது. தேநீர் இடைவேளையில் கிருஷாந்தன் ஒரு தட்டில் ரோல்ஸ் வைத்துக்கொண்டு நிஷாந்தியிடம் போய்ப் பேசினான். திரையிலேயே தெரிந்தது. கூட்டுக் களவு!

“நான் அப்பவே நெனச்சேன்,” என்றது ஒரு குரல்.

“லயத்துப் பிள்ளைய இந்த மாதிரி எடத்துல விட்டா வேற என்ன நடக்கும்?” என்றது இன்னொன்று.

பூரணிக்கு உடம்பு எரிந்தது. அவளும் லயத்துப் பிள்ளைதான். ஆனால் கோபம் வழக்கை அவிழ்க்காது. அவள் இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

“சேர், அஞ்சு நிமிஷம் குடுங்க. நாலு பேர்கிட்ட நாலு கேள்வி.”

“நங்கி, கட்டு அம்பிட்டது. இன்னும் என்ன கேள்வி?” தங்கச்சி என்பதை அவர் சிங்களத்திலேயே சொன்னார்.

“கட்டு அம்பிட்டுச்சுங்க சேர். வச்ச ஆள் அம்பிடல.”

பண்டார மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

முதலில் நிஷாந்தி.

“இடைவேளைக்கு முன்னால கட்டு யார்கிட்ட இருந்துச்சு?”

“பெரிய கிளாக்கரய்யாகிட்டங்க. மொத நாள் சண்டைக்கு அப்புறம், எறுதி ஆட்டத்துக்குக் கலைக்கிறது நானேன்னு அய்யாதான் சொன்னாரு. எல்லார் முன்னாலயும் கலைச்சு, அவரு மேசையில இருந்த மரப்பெட்டியில போட்டுக் கொண்டாந்து வச்சாரு. நான் பெட்டிய விட்டு நகரலங்க.”

“கிருஷாந்தன் வந்தாரே?”

“காலையில என்னயத் திட்டுனாரு. அதுக்குத்தான் ரோல்ஸ் கொண்டாந்தாரு. ‘அழுமூஞ்சி, சாப்பிடு’ன்னாரு. அவருக்கு மன்னிப்புக் கேக்குறது அப்படித்தான் வருமாட்டங்க.”

“அப்ப சுவெட்டர் எங்க இருந்துச்சு?”

“போட்டிருந்தேங்க. குளிருக்கு ரெண்டு கையையும் பையிலயே விட்டுக்கிட்டு நின்னேன். ஆட்டம் தொடங்கக்குள்ள கழட்டிக் கொக்கியில மாட்டுனேன். கை நீளமா இருந்தா சீட்டு மறைக்கும்னு எங்களுக்குச் சட்டம்.”

“மாட்டினப்புறம்?”

“நேரா வந்து மேசையில ஒக்காந்தேங்க. நீங்கதான் பார்த்தீங்களே.”

எல்லோரும்தான் பார்த்தார்கள். மேசையில் அவளுக்கு இடப்பக்கம் குணரத்தினம், எதிரே சின்னத்தம்பி, வலப்பக்கம் கிருஷாந்தன். பொலிஸ் வரும்வரை நாலு பேரும் திரையை விட்டு அகலவில்லை.

அடுத்தது கிருஷாந்தன்.

“நீங்க முந்நூத்தி நாலு ஆடுவீங்களா?”

“அது கிழவன்மாற்ற விளையாட்டு. எனக்குத் தெரியாது. நீர் என்னைப் பற்றி எழுதினீரே, அதையும் ஒருக்கா கேளும்.”

“எழுதினது எழுதினதுதான். உங்களுக்குப் பண்பு இல்ல. ஆனா இப்ப கேள்வி அது இல்ல.”

அவன் முதல் தடவையாகச் சிரிக்காமல் அவளைப் பார்த்தான்.

மூன்றாவது குணரத்தினம். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இடைவேளைக்கு அப்புறம் வெட்டுற முறை யாரோடது?”

“என்ர முறைதான், பிள்ளை.”

“வெட்டினீங்களா?”

“இல்லை. வழக்கம்போலத் தட்டிவிட்டனான்.”

“நீங்க தட்டுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“ஆருக்குத் தெரியாது? நீர்தானே பேப்பரில எழுதினனீர்.”

பூரணிக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் நிற்கவில்லை. நாலாவது, கணேசமூர்த்தி.

“அய்யா, எல்லாரும் எழும்பிச் சத்தம் போட்டப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“என் மேசையிலதாம்மா.”

“கொக்கிக்குப் பக்கத்துல?”

“மேசைக்குப் பின்னாலதானே கொக்கி. அதுக்கு நான் என்ன செய்ய?” என்றார் பெரியவர், அமைதியாக.

பூரணி மேசைக்கு வந்தாள். மூவரும் ஆடிய பதினைந்து சீட்டுகளையும் எடுத்து, விழுந்த வரிசைப்படியே திருப்பி அடுக்கினாள். குணரத்தினத்தின் முதல் சீட்டு, சின்னத்தம்பியின் முதல் சீட்டு, கிருஷாந்தனின் முதல் சீட்டு. பிறகு இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. நிஷாந்தியின் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். திரை அவள் கைகளைக் காட்டியது.

“இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல பாதிப்பேர் முந்நூத்தி நாலு ஆடுறவங்க. சொல்லுங்க, எங்க ஊர்ல சீட்டுப் போடுறவன் மொத சீட்ட எந்தப் பக்கம் போடுவான்?”

“வலப்பக்கம்!” என்று பத்துக் குரல்கள் எழுந்தன.

“போக்கர்ல?”

“இடப்பக்கங்க,” என்றாள் நிஷாந்தி.

“இப்ப நான் எங்க ஊர் மாதிரிப் போடுறேன்.”

வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். கிருஷாந்தன், சின்னத்தம்பி, குணரத்தினம். மறுபடி கிருஷாந்தன், சின்னத்தம்பி, குணரத்தினம். பதினைந்தும் போட்டு முடித்துத் திருப்பினாள்.

கிருஷாந்தன் இடத்தில் மூன்று ஜாக்கியும் இரண்டு ஒன்பதும். குணரத்தினம் இடத்தில் நாலு ராஜாவும் ஏழும்.

யாரோ ஒரு பெண் “அம்மாடி!” என்றாள். சின்னத்தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கட்டு அடுக்கினது கிருஷாந்தன் ஜெயிக்க இல்ல, அவரு தோக்க,” என்றாள் பூரணி. “அவருக்கு ஒரு நல்ல கையக் குடுத்து, எல்லாத்தையும் வைக்க வச்சு, மாஸ்டரோட நாலு ராஜாவால சாய்க்கணும். அதுதான் திட்டம். மாஸ்டர் வெட்டமாட்டாரு, அடுக்கு கலையாதுன்னும் தெரியும். அடுக்கின ஆள் முந்நூத்தி நாலுக்காரன். அவன் வலப்பக்கமாப் போட்டுப் பார்த்திருப்பான், சரியா வந்திருக்கும். நிஷாந்தி போக்கர் முறைப்படி இடப்பக்கமாப் போட்டா. ராஜா ஆள் மாறிப் போச்சு. தூண்டிலாப் போட்ட நல்ல கையிலயும் பாருங்க: ஜாக்கி, ஒன்பது. முந்நூத்தி நாலுல ரெண்டும்தான் பெரிய சீட்டு. நல்ல கைன்னு நெனச்சதும் அவன் மனசுக்கு வந்தது அதுதான்.”

இப்போது எல்லோரும் குணரத்தினத்தைப் பார்த்தார்கள். பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. மூன்று நாளாகக் கைதட்டிய கைகள்தான்.

“பிள்ளை... சத்தியமா நான் ஒண்டும் அறியேன்,” என்றார் மாஸ்டர்.

“தெரியும் மாஸ்டர். உங்களுக்குத் திட்டம் தெரிஞ்சிருந்தா, ராஜாவுக்குப் பதிலா ஜாக்கி வந்ததுமே விஷயம் பிசகிடுச்சுன்னு விளங்கியிருக்கும். சீட்டக் கவுத்து வச்சிருப்பீங்க. நீங்க எல்லாத்தையும் வச்சுத் தோத்தீங்க. அப்பாவிதான் அப்படித் தோப்பான்.”

“அப்ப ஆர்?”

பூரணி கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். நேரே சொன்னாள்.

“மாஸ்டர் ஜெயிக்கணும்னு மாஸ்டருக்கே தெரியாம ஆசைப்பட்ட ஆள். முந்நூத்தி நாலு ஆடியே கை பழகின ஆள். கலைக்கிற வேலையக் கேட்டு வாங்கி, பெட்டிக்குள்ள வேற கட்ட வச்சுட்டுப் பழசக் கைக்குள்ள மறைச்ச ஆள். நிஷாந்தி சுவெட்டரக் கழட்டி மாட்டினப்புறம் கொக்கிக்குக் கிட்ட நின்ன ஒரே ஆள். பழைய கட்டு இடைவேளையில அவ பையில இல்ல. ரெண்டு கையும் அங்கதான் இருந்துச்சு. மாட்டினப்புறம் அவளும் ஆட்டக்காரங்களும் மேசையில. நீங்கதாங்க அய்யா.”

கணேசமூர்த்தி மறுக்கவில்லை.

மறுத்திருந்தால்கூடச் சனம் அவர் பக்கம் நின்றிருக்கும். “பெரிய கிளாக்கரா? இருக்காது!” என்று பின்னாலிருந்து குரல்கள் வரத் தொடங்கியிருந்தன. அவர் கையை உயர்த்தி அவற்றை அடக்கினார்.

“நாந்தான்,” என்றார். “அந்தப் பயல் மூணு நாளா ஒவ்வொருத்தரையும் மிதிச்சான். இவன் கையில கோப்பை போச்சுன்னா, நாளைக்கு எங்க பயலுகளும் இவன மாதிரித்தான் ஆடுவானுங்க. ஒழுக்கமா ஆடுற மனுஷன் ஜெயிக்கணும்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு?”

“களவா ஆடி ஒழுக்கத்த ஜெயிக்க வைக்கவா?” என்றாள் பூரணி.

குணரத்தினம் எழுந்தார். எப்போதும் நீளும் அந்தக் கை இப்போது கோட்டுப் பைக்குள் இருந்தது.

“கணேசமூர்த்தி, என்ர பேரில இதைச் செய்ய உமக்கு ஆர் உரிமை தந்தது?” உட்கார்ந்துவிட்டார்.

நிஷாந்தி அதுவரை கொன்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். மெல்ல நடந்து நடுவர் மேசைக்கு முன்னால் வந்தாள்.

“அய்யா, கொழும்புக்குப் போகக்குள்ள எனக்கு நற்சான்று குடுத்தது நீங்க. எங்கப்பா செத்தன்னைக்கு வாசல்ல வந்து நின்னீங்க. என் பையில ஏன் வச்சீங்க?”

பெரியவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவன் கோட்டுல வைக்கத்தான் நெனச்சேன். அவன் கழட்டவே இல்ல. எல்லாரும் கத்துனாங்க. கையில பழைய கட்டு. உன் சுவெட்டர்...” கொக்கியைக் காட்டினார். “கைக்குக் கிட்ட இருந்துச்சும்மா.”

அவ்வளவுதான் காரணம். கேட்ட யாருக்கும் அதை நம்ப முடியவில்லை. அதுதான் உண்மை என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பண்டார தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “வாங்க, ஐயா,” என்றார். பெரிய கிளாக்கர் வெளியே போக, சனம் பிளந்து வழி விட்டது. பழக்கதோஷத்தில் இரண்டொருவர் எழுந்தும் நின்றார்கள்.

கதவு மூடியதும் சலசலப்பு வெடித்தது. “எப்பேர்ப்பட்ட மனுஷன்!” “கனவுலயும் நெனைக்கலயே!” “எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு!” ஏற்பாட்டாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, செல்லாத அந்தக் கையை நீக்கிவிட்டு ஆட்டம் தொடரும் என்றார்.

“தொடரட்டும்,” என்றான் கிருஷாந்தன். “ஆனா சீட்டு இந்தப் பிள்ளைதான் போட வேணும். வேற ஆரும் போட்டா நான் ஆடமாட்டன்.” அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அது. பூரணியின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நன்றி என்று ஒரு சொல் சொன்னால் அவன் கிருஷாந்தன் இல்லை.

“வா தங்கச்சி, வந்து ஒக்காரு,” என்று முன்வரிசையிலிருந்து அழைத்தார்கள். கைகூடத் தட்டினார்கள். சற்று முன்னால் ‘லயத்துப் பிள்ளை’ என்ற குரலும் அதற்குள் இருந்தது.

நிஷாந்தி கொக்கியிலிருந்து சுவெட்டரை எடுத்தாள். பொலிஸ்காரன் வெளியே இழுத்துவிட்ட பைகளை உள்ளே தள்ளினாள். போட்டுக்கொண்டு, மண்டபத்தைப் பார்த்தாள்.

“அய்யா செஞ்சாருன்னதும் எல்லாருக்கும் நெஞ்சடைச்சுப் போச்சு,” என்றாள். அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. “நான் செஞ்சேன்னு சொன்னப்ப இங்க ஒருத்தருக்கும் அதிர்ச்சியா இல்லயே.”

கைதட்டல் நின்றது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கினாள்.